கிரீஸ் வைக்காத ஜாயிண்டு

ஆடி 9, வியாழன்.

இலத்தூர் முதலாளியின் பழைய கார் இன்று குற்றாலம் போகும் வழியில் பெருஞ்சத்தத்தோடு நின்றுவிட்டது. ஆள் வந்து கூப்பிட, தென்காசிப் பட்டறையிலிருந்து சைக்கிளில் போனேன். எஞ்சின் ஓடியது, கியரும் விழுந்தது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை.

"இந்தப் பய முரட்டுத்தனமா கிளட்சை விடுதான், ஒடச்சிட்டான். நாளையிலேருந்து வர வேண்டாம்னுட்டேன்" என்றார் முதலாளி. டிரைவர் சுடலைமுத்து சாரலில் நனைந்துகொண்டு நின்றான்.

"மெதுவாத்தான் விட்டேன், அண்ணாச்சி" என்றான் என்னிடம்.

அடியில் படுத்துப் பார்த்தேன். பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் ஜாயிண்டு பிளந்து கிடந்தது. உள்ளே சிவந்த துருப்பொடி. பேருக்குக்கூட கிரீஸ் இல்லை. போன மாதம் கிரீஸ் வைக்க வேண்டியவன் நான். அவசரத்தில் விட்டுவிட்டேன்.

சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் அங்கேயே கிடந்தேன். பிறகு வெளியே வந்தேன்.

"தப்பு அவன் மேல இல்ல, மொதலாளி. கிரீஸ் வைக்காம விட்டது நாந்தான்."

அவர் கத்தித் தீர்த்தார். இனி அவர் வண்டியை நான் தொடக்கூடாதாம். கடைசியில் சுடலைமுத்துவிடம், "ஏலே, காலையில வந்துரு" என்றார்.

அவன் என்னைப் பார்த்துக் கைகூப்பினான். அவன் திட்டியிருந்தால்கூட இந்நேரம் உறங்கியிருப்பேன்.