நீல நூல் சிக்கிய ஊசி

அன்பு மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கச்சி எழுதுவது. ஆண்டவர் இரக்கத்தால் இங்கே எல்லாரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் கண் விழித்ததும் உன் பெயரைத்தான் முதலில் அவர் காதில் போடுகிறேன். (ஒரு குறையுமில்லையாம். அம்மா வேலைக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது, அண்ணா. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான். அம்மாவுக்குப் படித்துப் பார்க்க நேரமில்லை, எனக்கு நல்ல காலம்.) அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ரேடியோவோடு சண்டை போடும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. எதிர் வீட்டில் ஜன்னல் திரைகளுக்கு விளிம்பு அடிக்கக் கொடுத்திருக்கிறார்கள், கைதான் ஓய்வில்லை, வாய் சும்மாதானே இருக்கிறது என்று இவளை எழுத உட்கார வைத்தேன். (அம்மா விளிம்பு அடிக்கிறாள், அப்பா அரட்டை அடிக்கிறார், நான் ஒருத்திதான் இந்த வீட்டில் வேலை செய்கிறேன்.)

நீ போனில் கத்தியதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. டிக்கெட் போட்டுவிட்டேன், வந்து அந்த சூப்பர்வைசர் சட்டையைப் பிடித்துக் கேட்கிறேன் என்றாயே, நீ வேலையில் சேர்ந்து நாலு மாசம் முடியவில்லை, இப்போது லீவு கேட்டால் அப்படியே ஊரிலேயே இருந்துகொள் என்று சொல்லிவிட மாட்டார்களா, ஒரு வீட்டில் ஒருத்தி சும்மா உட்கார்ந்திருப்பது போதாதா. கோபத்தில் நீ பாதிதான் கேட்டாய், மீதியையும் சொல்கிறேன். எங்கள் கம்பெனியில் தைப்பது பச்சைக் குழந்தைகளுக்கான துணி, ஊசித் துண்டு தங்கினால் குழந்தையைக் குத்திவிடும். ஊசி உடைந்தால் துண்டுகளைப் பொறுக்கி நோட்டில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசி தேறினால்தான் புது ஊசி தருவார்கள், ஒரு துண்டு குறைந்தாலும் மிஷின்காரி தலைதான் உருளும். அன்றைக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் என் மிஷினில் பாதி ஊசிதான் நிற்கிறது, முனையைக் காணோம். நான் உடைக்கவில்லை என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அப்ப ஊசி தானா ஒடிஞ்சுக்கிச்சாக்கும், ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடு, இல்லன்னா வீட்டுக்குக் கெளம்பு என்றார். பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கிளம்பி வந்துவிட்டேன். (ஊசிக்கே காது இருக்கிறது, அந்த ஆளுக்கு இல்லை. அவர் பைக் சீட்டுக்கென்று பசை கூட வாங்கி வைத்தேன். அம்மா பிடுங்கி அப்பாவின் பிய்ந்த செருப்பை ஒட்டிவிட்டாள்.)

நான் உன்னிடம் சொல்லாதது ஒன்று உண்டு. முறிந்த இடத்தில் ஒரு நீல இழை சிக்கியிருந்தது. நான் தைத்ததோ வெள்ளை, நீலம் தைத்தது அடுத்த மிஷின்காரி. என் நல்ல ஊசியைத் தன் மிஷினில் மாட்டிக்கொண்டு தன் உடைந்த ஊசியை எனக்கு மாட்டிவிட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டு, ஆண்டவரே எனக்கு நியாயம் செய்யும் என்று அழுதேன். அழும்போதே அவள் நினைவு வந்தது. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை, மூன்றாவது வந்தால் வேலை போகும், அந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளில்லை. அதைவிடப் பெரிய பயம், கம்பெனியில் வெள்ளைத் துணியிலேயே தேடிக்கொண்டிருப்பார்கள், முனை நீலத்தில் அல்லவா இருக்கும். என் நியாயம் காத்திருக்கும், எவள் பெற்ற பிள்ளையோ அதைப் போட்டுக்கொள்ளக் காத்திருக்குமா. எழுந்து நேரே அவள் வீட்டுக்குப் போனேன். எந்தத் துணியில போச்சுன்னு மட்டும் சொல்லு, வேற ஒண்ணும் கேக்கமாட்டேன் என்றேன். நீலச் சட்டைக் கழுத்துப்பட்டியில இருக்கும்க்கா என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். மறுநாள் காலை கம்பெனி கேட்டிலேயே நின்று, நீலத் துணிக் கட்டைப் பிரித்துப் பாருங்கள் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன், முனை கிடைத்தது, நாலைந்து பேர் தைத்தது கலந்த கட்டு என்பதால் யார் தைத்தது என்று மட்டும் தெரியவில்லை. வெள்ளை தைச்ச ஒனக்கு இது எப்படித் தெரியும் என்றார் அவர். உடைத்தது நான் இல்லை, அதற்கு மேல் சொல்ல மாட்டேன் என்று திரும்பிவிட்டேன். ஒரு குழந்தை தப்பியது, என் பெயர்தான் இன்னும் தப்பவில்லை.

கஷ்டமாக இல்லையா என்றால் இருக்கிறது தம்பி. கம்பெனியில் எட்டு மணிச் சங்கு ஊதினால் கால் தானாக வாசலுக்குப் போய் நிற்கிறது. ஆனால் கடவுள் அந்த சூப்பர்வைசர் மாதிரி ஒரு பக்கத்தைப் பார்த்து நோட்டை மூடுகிறவர் இல்லை. என்னைத் தூக்கிவிடுகிற கையாலேயே அவளையும் விழாமல் பிடிக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் நேரம் ஆகத்தான் செய்யும். அவர் வேலையைப் பிடுங்கி நீ செய்யாதே. டிக்கெட்டை ரத்து செய். அவள் யார் என்று கேட்காதே, ஆண்டவருக்குத் தெரியும், உனக்குத் தெரிய வேண்டியதில்லை. (எனக்கும் சொல்லவில்லை, நானாகக் கண்டுபிடித்தேன்.) காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. போகையிலும் வருகையிலும் ஆண்டவர் உன்னைக் காத்து, உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக.

உன்னை நினைத்தபடி தைக்கும்,
அம்மா

(அண்ணா, உறையில் போடப்போன நேரத்தில் அடுத்த மிஷின்காரி வந்தாள். அம்மா திரையின் மறுமுனையை நீட்டினாள், அவளும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேருமாக ஒரு விளிம்பை அடித்து முடித்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, அந்த ஊசியப் பத்தி சூப்பர்வைசருக்கு ஒண்ணு எழுதணும், பேப்பர் இருக்கா பாப்பா என்றாள். வீட்டில் இருந்த கடைசித் தாள் இதுதான். கீழ்ப்பாதியைக் கிழித்துக் கொடுக்கிறேன், அதனால் இவ்வளவுதான்.)