நாற்பத்திரண்டு மீட்டர்

எண்ணூர்,
2 பிப்ரவரி 2025

அன்பு மருமகள் சௌமியாவுக்கு உன் தாய்மாமன் ஜெகதீசன் எழுதுவது. இங்கே நான், என் படகு, என் புகழ் மூன்றும் சுகம். ராஜஸ்தான் மணலில் நீயும் உன்னோடு வந்து தங்கியிருக்கும் என் அக்காவும் சுகமா? அக்காவுக்கு அங்கே மீன் கிடைக்கிறதா, இல்லை ஒட்டகத்தைப் பார்த்துக்கொண்டே ரசம் சாப்பிடுகிறாளா?

போனில் பேசினால் நீ பாதியிலேயே சிரித்துவிடுகிறாய். கடிதத்தில் குறுக்கே பேச ஆளில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

சேதி பெரியது. நம் ஆற்றைத் தாண்டி நாலு லட்சம் வோல்ட் லைன் போகிறது. அளக்க வந்தவர்களை என் படகில்தான் ஏற்றிப் போகிறேன். நான் துடுப்பு போடாவிட்டால் இந்தியாவுக்குக் கரண்ட் இல்லை என்று வைத்துக்கொள். கரையில் டிரம்மில் சுற்றிவைத்திருக்கும் கம்பியைத் தொட்டுப் பார்த்தேன். விர்ரென்று உச்சந்தலை வரை ஏறியது. அசையாமல் நின்றேன்.

ஒரே ஒரு தொல்லை. டவருக்கு அடையாளமாகச் சிவப்பு முளை அடித்த இடம் நம் இறால் பாடு. மணலில் கிடந்து மறந்திருப்பாய்: இருக்கிறதிலேயே நல்ல இடத்தில் இன்றைக்கு ஒரு குடும்பம், நாளைக்கு ஒரு குடும்பம் என்று முறை வைத்து வலை கட்டுவோமே, அதே இடம். முப்பது குடும்பத்துக்கும் அதுதான் சோறு. மார்ச் பத்தாம் தேதி அங்கே கான்கிரீட் இறக்குகிறார்களாம்.

தலைவர் ராசையா மனு எழுதக் கிளம்பினார். நான் விடுவேனா? "இன்னாத்துக்கு மனு? இந்தியா பூரா லைன் எந்தப் பக்கம் போவணும்னு கோடு கிழிக்கிறதே என் மருமவதான். அவ ஒரு போன் போட்டா டவரு எந்திரிச்சு நடக்கும்" என்று சொல்லிவிட்டேன். ஊரே கை தட்டியது. மனுவை மடித்து வைத்துவிட்டார்கள்.

ஆகவே நீ ஒரு போன் போட்டுவிடு.

இப்படிக்கு,
எண்ணூர் ஆற்றின் முதல் மின்சாரப் படகோட்டி,
ஜெகதீசன்

*

ஜெய்சல்மேர்,
10 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமா,

அம்மாவும் நானும் நலம். அம்மாவுக்கு நெத்திலிக் கருவாடு அனுப்புங்கள், ரசத்தின் மேல் கோபமாக இருக்கிறாள்.

டிரம்மில் கிடக்கும் கம்பியில் கரண்ட் இருக்காது. இருந்திருந்தால் உங்கள் கடிதம் வந்திருக்காது.

நான் கோடு கிழிக்கிற ஆள் இல்லை. வேலையில் சேர்ந்து ஏழு மாதம். டவரில் போல்ட் எல்லாம் இறுகியிருக்கிறதா என்று பார்த்து, நோட்டில் டிக் அடிக்கிறேன். எண்ணூர் லைன் வேறு கம்பெனி. நான் போன் போட்டால் எடுக்கக்கூட மாட்டார்கள்.

இதைச் சிரித்துக்கொண்டு எழுதவில்லை. ஊர் உங்களை நம்பி மனுவை மடித்து வைத்திருக்கிறது. மார்ச் பத்துக்குள் நேரில் போய் உண்மையைச் சொல்லுங்கள். சொல்லாமல் அங்கே கான்கிரீட் இறங்கினால், நான் ஊருக்கு வந்து யார் முகத்தில் விழிப்பது?

சௌமியா

*

எண்ணூர்,
17 பிப்ரவரி 2025

கண்ணு சௌமியா,

கருவாடு தனிப் பார்சலில் வருகிறது.

நீ சொன்னபடி போனேன். வலை பின்னுகிற கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். "என் மருமவ ஆபீசர் இல்ல. நட்டு போல்ட்டு பாக்குற புள்ள. அவளால டவர நவுத்த முடியாது" என்று சொன்னேன்.

ராசையா சிரித்தார். "ஜெகதீசனுக்குத் தன்னடக்கம் வந்துடுச்சுபா!"

சீனியம்மாள் சிரிக்கவில்லை. இறால் வாரும் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "தோ பாரு, இத்தினி வருசமா புளுகிகினு இருந்தே. இப்போ மட்டும் இன்னா நெசம் பேசுறே? கம்பெனிகாரன் படகுல ஏறுறான், எறங்குறான். உன்னிய வளைச்சுப் போட்டானா?"

யாரும் அவளை அடக்கவில்லை. அதுதான் என்னைக் குத்தியது கண்ணு. நான் ஆயிரம் கதை விட்டிருக்கிறேன், திமிங்கலத்தின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்தது உட்பட. ஆனால் ஊரை விற்றவன் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. இப்போது டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அடுத்த மாதப் பாடு முறைப் பட்டியலில் என் பெயரைச் சேர்ப்பதா என்று யோசிக்கிறார்களாம்.

நீயே ஊருக்கு ஒரு கடிதம் எழுது. என் வாயால் சொன்னால் நெசமும் கதையாகிவிடுகிறது.

மாமன் ஜெகதீசன்

*

ஜெய்சல்மேர்,
22 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமா,

கருவாடு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு நாளாக எங்களோடு பேசவில்லை. அம்மா சந்தோஷமாக இருக்கிறாள்.

கீழே இருப்பது ஊருக்கு. ஒரு வரி விடாமல் நீங்களே படியுங்கள்.

"தலைவருக்கும் பெரியவர்களுக்கும் சௌமியாவின் வணக்கம். நான் பெரிய ஆபீசர் என்று மாமா சொன்னது பொய். ஆனால் அவர் யாரிடமும் விலை போகிறவர் இல்லை. விலை போயிருந்தால் அதையும் பத்து மடங்காக்கி அவரே உங்களிடம் சொல்லியிருப்பார்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாடு முழுக்க இந்தக் கம்பி ஒரே வலையாகப் பின்னப்படுகிறது. இங்கே பாலைவனத்து வெயிலில் எடுக்கிற கரண்டும் அதில்தான் ஓடும். லைனே வேண்டாம் என்றால் கேட்க மாட்டார்கள். டவரைப் பக்கவாட்டில் தள்ளினால் லைன் வளையும், செலவு கூடும். அதே நேர்கோட்டில் கொஞ்சம் முன்னே, பின்னே தள்ளுவது அவ்வளவு கஷ்டமில்லை. எங்கே வைக்கக் கூடாது என்பதோடு, எங்கே வைக்கலாம் என்பதையும் காட்டுங்கள். பேப்பரில் காட்டாதீர்கள். ஆற்றில் காட்டுங்கள்."

சௌமியா

*

எண்ணூர்,
19 மார்ச் 2025

என் கண்ணு சௌமியாவுக்கு,

படித்தேன். "மாமா சொன்னது பொய்" என்ற வரி வந்தபோது கண் தானாக அடுத்த வரிக்குத் தாவப் பார்த்தது. இழுத்துப் பிடித்துப் படித்தேன். படித்து முடித்த பிறகுதான் மைக் வேலை செய்யவில்லை என்று பின்வரிசையில் கத்தினார்கள். திரும்ப முதலிலிருந்து படிக்க வைத்தார்கள். இந்த முறை மைக் அருமையாக வேலை செய்தது. கல்மண்டபம் வரை கேட்டிருக்கும்.

பத்து மடங்கு என்ற இடத்தில் முதலில் சிரித்தது சீனியம்மாள்தான். "அது நெசம்தான்பா. இவன் துட்டு வாங்கினா தண்டோரா போட்டுத்தான் வாங்குவான்" என்றாள். அந்தச் சிரிப்பில் என் பெயர் பாடு முறைப் பட்டியலில் ஏறியது.

மறுநாள் அவர்களுடைய எஞ்சினியர் விமலைத் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து அழைத்துப் போனோம். மதுரைப் பக்கத்துப் பிள்ளை, சேறு பழக்கமில்லை. முழங்கால் வரை புதைந்து நின்றது. சீனியம்மாள் அவர் கண்ணெதிரே முளைக்குப் பக்கத்தில் சேற்றைக் கையால் துழாவினாள். கூடையில் இறால் துள்ளியது. பிறகு அதே கோட்டில் வடக்கே, அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து மேடாகிப்போன இடத்தில் துழாவினாள். அரை மணி நேரம். ஒரு செருப்பு, இரண்டு பாக்கெட் கவர்.

"இன்னா சார், உன் கம்பத்துக்கு எறால் வோணுமா, செருப்பு வோணுமா?" என்றாள்.

விமல் கூடையையும் செருப்பையும் போனில் படம் எடுத்துக்கொண்டார். அங்கே ஆழம் எவ்வளவு என்று ராசையாவிடம் கேட்டு, கம்பை இறக்கி அளந்தார். நான் படகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நம்பு, ஒரு வார்த்தை பேசவில்லை. ராசையா இரண்டு முறை திரும்பி, எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

மார்ச் பத்து வந்தது. கான்கிரீட் வரவில்லை. நேற்று விமல் புது வரைபடத்தோடு வந்தார், மேலிடம் கையெழுத்துப் போட்டதாம். சிவப்பு முளையைப் பிடுங்கி மேட்டில் அடித்தார்கள்.

டவர் ஒன்றரை மைல் ஓடிப்போனது என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. நாற்பத்திரண்டு மீட்டர். விமல் டேப் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன்.

இன்றைக்குப் பாடு நம் முறை. முளை இருந்த குழியைச் சுற்றித்தான் வலை கட்டினேன். இறால் இரண்டே கால் கிலோ. எடை போட்டது சீனியம்மாள்.

உன் மாமா,
ஜெகதீசன்