ரெண்டு போட்டால் என்ன ஆகும்?

செப். 9, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். கெலிஓயாச் சந்தியில் குடைகள்தான் தெரிகின்றன, முகங்கள் இல்லை. ஸ்கூல் கவுன்கள் பாக்கி. வெள்ளை நூல் முடிந்துவிட்டது. கண்டிக்குப் போகிறவர்கள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

என் தையல் கடைக்கும் என் வீட்டுக்காரருடைய சலூனுக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டும். ரேடியோ வாங்கும் அவசியம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

இன்றைய விவாதம்: ஜனாதிபதித் தேர்தல் சீட்டில் நமக்குப் பிடித்தவருக்கு 1 போட்ட பிறகு, இன்னொருவருக்கு 2 போடலாமாம். போட்டால் என்ன ஆகும்?

நஸீர் நானா (எதிரே சரக்குக் கடை, மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர், தினமும் இங்கே சவரம், தினமும் இவரோடு சண்டை): "ரெண்டு போட்டா ஒங்கட ஓட்டு பாதியாப் பிரிஞ்சுபோகும். அரை அவருக்கு, அரை இவருக்கு."

இவர்: "சும்மா இருங்க நானா. ரெண்டு போட்டா சீட்டே செல்லாது. ஒண்ணு போட்டுட்டு வெளிய வந்துடணும்."

குணம் மாஸ்டர் (யாழ்ப்பாணத்துக்காரர், பேராதனையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், தலையில் முடி கிடையாது, பேப்பர் வாசிக்க மட்டும் சலூனுக்கு வருகிறவர்): "ஓம், உது சும்மா ஒரு மரியாதைக்கு வைச்சிருக்கினம். எண்ண மாட்டினம். எனக்குத் தெரியும்."

மூன்று பேர், மூன்று பதில். ஒன்றிலும் துளி சந்தேகம் இல்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டு தடவை அளவு எடுத்தும் வெட்டும்போது கை நடுங்குகிறவள் நான். உலக வங்கியையே ஒரே மூச்சில் திருத்துகிற இந்த ஆண்களைப் பார்த்தால் உண்மையிலேயே ஆசையாக இருக்கிறது. கேலியாக எழுதவில்லை. இந்தத் தைரியத்தில் கால்வாசி எனக்கு இருந்தால் கண்டியிலேயே கடை போட்டிருப்பேன்.

வாய் சும்மா இருந்ததா? தட்டிக்கு மேலே தலையை நீட்டினேன். "சரி, பெட்டியத் தொறக்குறதுல இருந்து ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. எப்படி எண்ணுவாங்க?"

மாஸ்டர் பேப்பருக்குள் போய்விட்டார். இவர், "அது வந்து..." என்று தொடங்கி அங்கேயே நின்றார். நானா மட்டும் விடவில்லை. கண்ணாடிக்கு முன்னால் இருந்த சீப்புகளையெல்லாம் பரப்பி, கறுப்புச் சீப்பு ஒரு வேட்பாளர், சிவப்புச் சீப்பு இன்னொருவர் என்று அரை அரையாக எண்ணத் தொடங்கினார். நடுவில் எந்த அரை யாருடையது என்று அவருக்கே குழம்பிவிட்டது. இவர் சிரித்தார். மாஸ்டர் சிரித்தார். நானும்தான்.

நானாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எங்கட வாப்பா காலத்துல இருந்து ஓட்டுப் போடுறவங்க நாங்க. ஒங்களுக்கெல்லாம் ஓட்டு வந்ததே நேத்துத்தானே லிங்கம். நீங்க என்னத்தக் கண்டீங்க?"

இவர் மிச்சச் சவரத்தை முடித்தார். படிகாரம் தடவினார். துண்டை உதறினார். வழக்கமாக, "இன்னைக்குத் தப்பிச்சிட்டீங்க நானா, நாளைக்கு வாங்க, பாத்துக்கிறேன்" என்று வாசல்வரை போய் விரட்டுவார். இன்று வெறும் "சரிங்க."

செப். 10, செவ்வாய்

மழை இல்லை. கவுன்கள் முடிந்தன. நானா சவரத்துக்கு வரவில்லை.

இவர் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இவருடைய அப்பா பிறந்ததும் அங்கேதான். இருந்தும் தோட்டத் தமிழர்களுக்குக் குடியுரிமை கொடுக்காத சட்டத்தால், அதுவும் ஓட்டும் கைக்கு வரும்போது இவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. எனக்கு எங்கள் அப்பா வழியில் முன்பே கிடைத்திருந்தது. கல்யாணமான புதிதில் நான் ஓட்டுப் போட உள்ளே போவேன், இவர் ஸ்கூல் கேட்டுக்கு வெளியே குடையோடு நிற்பார். நான் வந்ததும் விரலைப் பிடித்து மையைப் பார்ப்பார். யாருக்குப் போட்டாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "பென்சில் அவங்களே குடுத்தாங்களா? பெட்டி எந்தப் பக்கம் இருந்துச்சு? யாராச்சும் பேரக் கூப்பிட்டாங்களா?" இதைத்தான் கேட்பார்.

இந்தக் கதையெல்லாம் நானாவுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் குத்தினார். மனசு ஆறவில்லை. கேள்வி கேட்டுத் தொடக்கி வைத்தது நான் என்பது வேறு.

செப். 12, வியாழன்

வெள்ளை நூல் வந்தது. மஞ்சளடிக்கிற வெள்ளை. திருப்பி அனுப்ப வேண்டும்.

நஸீர் நானாவும் மனைவியும் வருகிற புதன்கிழமை உம்ரா யாத்திரைக்கு மக்கா போகிறார்களாம். போகுமுன் பழகினவர்களிடமெல்லாம் நேரில் போய் மாப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். தெரிந்தோ தெரியாமலோ பிழை செய்திருந்தால் மன்னிக்கச் சொல்லி. இன்று பேக்கரி, பார்மசி, தேங்காய்க் கடை எல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் வாசலுக்குக் கிட்ட வந்ததும் ரோட்டின் அந்தப் பக்கம் மாறி நடந்தார். இவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்தா மன்னிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"வரட்டும், பாக்கலாம்."

"வரலன்னா?"

இவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். எனக்குப் பயமாக இருக்கிறது. ரெண்டு பேருக்கும் வயதாகிறது. தூரப் பயணம், கூட்டம், வெயில். இத்தனை வருடப் பழக்கம் ஒரு வாய்ச்சொல்லில் முடிந்துபோக விடலாமா? புதனுக்குள் நடந்தால் உண்டு.

மாஸ்டர் இடையில் ஒரு கேள்வி. தேர்தல் 21ஆம் தேதி, நானா அங்கேதானே இருப்பார், ஓட்டு? பதிலும் அவரே: "அங்கத்தைத் தூதரகத்தில போடலாம்தானே. சர்வதேசச் சட்டம்."

இவர், அவ்வளவு கோபத்திலும்: "ஆமா, பாஸ்போட்டக் காட்டினாப் போதும்."

நானும் தலையாட்டினேன்.

செப். 15, ஞாயிறு

வெயில். மிளகாய் காயவைத்தேன்.

நானாவின் மனைவி ஜெஸீமா, நான் தைத்த வெள்ளை அபாயாவை வாங்க வந்தார். அளவு சரி, கை மட்டும் கொஞ்சம் நீளம். மடித்துத் தைத்துக் கொடுத்தேன். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"புஷ்பம், எங்கட மனிசன் சரியாச் சாப்பிடுறாரில்ல. எம்பசில ஓட்டுப் போடலாம்னு எல்லாரும் சொன்னாங்க. கண்டில ஆபிஸுக்குப் போய்க் கேட்டார். வெளிநாட்டுல எங்கயும் போட ஏலாதாம். குரூப்பாப் போறது, தேதிய மாத்தவும் ஏலா."

நான் குனிந்து நூலை வெட்டினேன்.

"ஒரு எலெக்‌ஷனும் விட்டதில்ல புஷ்பம் அவர். காய்ச்சல்ல கெடந்தப்பவும் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போயீக்கிறன். இப்ப அந்த வாக்காளர் அட்டைய எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டு ஈக்கிறார்."

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். சிரிப்பார், நல்லா வேணும் என்பார் என்று நினைத்தேன். சோற்றைப் பிசைந்தபடி, "அடப் பாவமே" என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் ரெண்டு வாய்கூட இறங்கவில்லை.

செப். 17, செவ்வாய், போயா (பௌர்ணமி விடுமுறை)

வங்கிகள் இல்லை, ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. இவர் சலூனைத் திறந்திருந்தார். கதிரையில் மாஸ்டர்; வேறு வேலையில்லாமல் இவர் அவருடைய காதோர முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தார். நான் தட்டிக்கு இந்தப் பக்கம், தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். ஒட்டுக் கேட்டேன் என்றே எழுதலாம்.

நானா வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"லிங்கம், நாளைக்கிப் பயணம். மாப்புக் கேக்க வந்தீக்கிறன்."

இவர் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தே கேட்டார். "எதுக்கு நானா?"

"அண்டைக்கிப் பேசின பேச்சுக்கு."

"என்ன பேச்சு?"

எனக்கு இவர்மேல் கோபம் வந்தது. வயதான மனிதரை நிற்க வைத்து எதற்கு இந்த விசாரணை? ஆனால் நானா தயங்கவில்லை. மாஸ்டர் இருக்கிறார், வெளியே த்ரீவீல்காரர்கள் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஒங்களுக்கு ஓட்டு வந்ததே நேத்துத்தானேன்னு பேசிட்டன். பேசியிருக்கக் கூடாது. இந்தத் தரம் எனக்கு ஓட்டில்ல லிங்கம். ஒரேயொரு தரத்துக்கே நெஞ்சு வேகுது. நாப்பது வயசு வரைக்கும் நீங்க எப்படி இருந்தீங்கன்னு இப்பத்தான் யோசிச்சுப் பாத்தன்."

கத்தரிக்கோலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நேத்துத்தான் வந்துச்சு நானா," என்றார் இவர். "அதனாலதான் தெரிஞ்சது தெரியாதது எல்லாத்தையும் இப்படிப் பேசித் தீக்குறேன். அத்தனை வருஷம் எவனும் என்னை ஒண்ணும் கேக்கலயே."

எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியுமா? நானா உள்ளே வந்துவிட்டிருந்தார். ரெண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மாஸ்டரும் கதிரையிலிருந்து எழுந்து, எதற்கென்று தெரியாமல், மூன்றாவதாகத் தன் கையையும் வைத்தார்.

"உக்காருங்க, முடி வெட்டணும்," என்றார் இவர். "உம்ரா முடிஞ்சதும் அங்க மொட்டையடிக்கிறவன் நம்ம தலையப் பாத்து, கெலிஓயால சலூனே இல்ல போலன்னு நெனச்சிடக் கூடாது."

முடி வெட்டி முடிவதற்குள் சீனாவைப் பற்றி ஒரு சண்டை வந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது. அன்று நானா சீப்புகளை வைத்துத் தடுமாறினாரே, அப்போதுகூட விடாமல் எண்ணிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். இன்றும், பிழை என்று தெரிந்ததும் நேரே வாசலுக்கு வந்தவர் அவர்தான். எத்தனை பேர் வருவார்கள்?

செப். 18, புதன்

நானாவும் ஜெஸீமாவும் மத்தியானம் கிளம்பினார்கள். வேன் நிறைய அழுகை. இவர் பையைத் தூக்கிக் கொடுத்தார். தைக்க வந்த ஜாக்கெட் துணி இன்னும் வெட்டவில்லை.

செப். 21, சனி

வாக்களிப்பு. மழை வரும்போல் இருந்து வரவில்லை. இவர் சலவைச் சட்டை. என்னைவிட முன்னால் குளித்து, என்னைவிட முன்னால் வாசலில் நின்றார். ஒவ்வொரு தேர்தலுக்கும் இப்படித்தான்.

திரும்பி வரும்போது பள்ளிவாசல் சந்தியில் நின்று, "ரெண்டு போட்டேன்" என்றார்.

"என்னது?"

"நம்ம ஆளுக்கு ஒண்ணு. நானாவோட ஆளுக்கு ரெண்டு."

"ரெண்டு போட்டாச் சீட்டே செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்புறம்?"

"பென்சிலப் புடிச்சிக்கிட்டு நின்னேன் புஷ்பம். பாவம், அவரு ஓட்டு வீட்டுல சும்மா கெடக்குதேன்னு தோணுச்சு. செல்லாமப் போனாப் போகட்டும்."

திட்டினேன். நடுரோட்டில் நன்றாகத் திட்டினேன். செல்லுமா செல்லாதா என்று எனக்கும் தெரியாது. யாரிடமாவது கேட்கலாம் என்றால், இந்த ஊரில் தெரியாது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து தேநீர் ஊற்றும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நாற்பது வயதுவரை கேட்டுக்கு வெளியே நின்ற மனிதர். கைக்கு வந்த ஓட்டு கெட்டுப்போகும் என்று நம்பிக்கொண்டே அந்த ரெண்டைப் போட்டிருக்கிறார். இவரைக் கட்டிக்கொண்டதற்கு இன்றுபோல ஒருநாளும் பெருமைப்பட்டதில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சீனி மட்டும் கூடப் போட்டுக் கொடுத்தேன்.

செப். 22, ஞாயிறு

மத்தியானம்வரை ஊரடங்கு. பருப்பும் கருவாடும். டீவி காலையிலிருந்து ஓடுகிறது. மாஸ்டர் தடை எடுத்ததும் வந்துவிட்டார், எங்கள் டீவியில்தான் படம் தெளிவாம்.

பின்னேரம் போல அறிவித்தார்கள். ஒருவருக்கும் பாதிக்கு மேல் வரவில்லை. இந்த நாட்டில் முதல் தடவையாக ரெண்டாவது விருப்பத்தை எண்ணப் போகிறார்கள். முதல் ரெண்டு இடத்துக்கு வந்தவர்களை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கிவிடுவார்களாம். விலக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளை மறுபடி எடுத்து, அதில் அந்த ரெண்டு பேரில் யாருக்காவது 2 போட்டிருந்தால் அதை அவருக்குச் சேர்ப்பார்களாம். ஓட்டு பாதியாவதும் இல்லை. செல்லாமல் போவதும் இல்லை. மரியாதைக்கும் இல்லை.

"ஓம், இதைத்தானே நான் அண்டைக்குச் சொன்னனான்," என்றார் மாஸ்டர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கும்பிட வேண்டும் போலிருந்தது.

இவர் எழுந்து நின்றுவிட்டார். இவருடைய ஆள் விலக்கப்பட்டவர்களில் ஒருவர். நானாவின் ஆள் அந்த ரெண்டு பேரில் ஒருவர்.

அப்போதுதான் போன். மக்காவிலிருந்து நானா. இவர் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"லிங்கம், கேட்டீங்களா? ரெண்டு போட்டா வேல ஈக்கின்னு நான் சொன்னேனா இல்லையா?"

"நீங்க எங்க நானா சொன்னீங்க? அரை அரைன்னுல்ல சொன்னீங்க!"

"அத விடுங்க. ரெண்ட எண்ணுற இந்தத் தரம் பாத்து எனக்கு ஓட்டில்லாமப் போச்சே. அதத்தான் தாங்க ஏலாம ஈக்கி."

இவர் ஒருதரம் என்னைப் பார்த்தார்.

"உங்க ஓட்டு விழுந்திருச்சு நானா. நான்தான் போட்டேன், ரெண்டாவதா. இப்ப அதத்தான் எண்ணிக்கிட்டு இருக்காங்க."

லைன் போய்விட்டது என்று இவர் ஹலோ, ஹலோ என்று கத்தினார். போகவில்லை. அவர் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது.