மரணச் சீட்டில் சிரிக்கும் அண்ணன்

வெள்ளிக்கிழமை இரவு, ஸ்கூடாய், ஜோகூர்.

குறி சொல்லும் டாரோட் சீட்டுக்கட்டு வரையும் ஓவியச் சக்கரவர்த்தி நான், இன்று அண்ணியிடம் பிடிபட்டேன். என் மரணச் சீட்டில் எமன் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறான். எமனுக்கு அண்ணன் முகம். போன மாதம் நான் வரைய அவரே எதிரில் உட்கார்ந்து, ஜோகூரே குலுங்கச் சிரித்தார். போன வாரம் இறந்துவிட்டார்.

கருமக்கிரியைக்குப் படம் தேடி வந்த அண்ணி மேசையில் சீட்டைப் பார்த்துவிட்டார். வானம் என் தலையில் விழக் காத்திருந்தேன்.

"எல்லாப் போட்டோவுலயும் உம்முன்னு இருக்காரு. இதுலதான் சிரிக்கிறாரு. இதையே மாட்டலாம், தம்பி."

"அண்ணி, இது மரணச் சீட்டு."

"தெரியும் லா. கீழ 'மரணம்'னு இருக்கிறத மட்டும் அழிச்சிட்டு அவரு பேர எழுதிடு."

அழித்துவிட்டேன். ஏழு கடல் அழக்கூடியவன், ஒரு துளி வரவில்லை. பெயரெழுத நனைத்த தூரிகை காய்ந்துவிட்டது. மறுபடி நனைத்தேன். அதுவும் காய்ந்துவிட்டது.