சீனப் பஞ்சாங்கமும் அப்பாவின் பென்சிலும்

பென்சிலும் கையுமாகவே என் கண்ணுக்குள் நிற்கிற என் அப்பா,

நீங்கள் போய் ஒரு வருசமாகிறது, உங்கள் ஆட்டைத் திவசம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் அம்மா ஐயரைக் கூப்பிட்டுச் செய்வா. இங்கே, கொலோனுக்குப் பக்கத்தில் அகதி விடுதியில் இருக்கிற எனக்கும் அக்காவுக்கும் ஐயரும் இல்லை, கடலும் இல்லை. அதனால் விடுதிப் பொடியன்கள் போட்டோகொப்பி அடித்து நடத்துகிற பத்திரிகையில் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். நாலு பேர் ஒட்டுக்கேட்டால் கேட்கட்டும். உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருக்க முடியாத சேதி ஒன்று இருக்கிறது!

முதலில் என்னைப் பற்றிய புதினம். நான் முகம் பார்க்கப் பழகிவிட்டேன் அப்பா. எங்கள் சாத்திரிமார் போல இல்லை, சீனர்கள் பார்க்கிற மாதிரி. பக்கத்து அறையில் லின் என்று ஒருத்தி இருக்கிறாள், என் வயதுதான். வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்த சீனக் குடும்பம். அவர்களிடம் சிவப்பு மட்டை போட்ட ஒரு தடித்த புத்தகம் உண்டு. எந்த நாள் நல்லது, எந்த நாளில் தலைமயிர் வெட்டக்கூடாது, எப்போது வீடு மாறலாம், எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் பஞ்சாங்கமேதான்! அதன் நடுவில் ஒரு மனித முகம், முகம் முழுக்கச் சின்னச் சின்ன இலக்கங்கள். நான் அதைப் பார்த்துவிட்டு, "பாவம், இந்த ஆளுக்கு அம்மை போட்டிருக்கு" என்றேன். லின் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவை வயதுகளாம் அப்பா. ஒவ்வொரு வயதுக்கும் முகத்தில் ஓர் இடம். காதுகளில் குழந்தைப் பருவம். நெற்றியில் இளமை. முப்பது தாண்டினால் புருவத்துக்கு இறங்க வேண்டும், பிறகு கண், நாற்பதுகளில் மூக்கு. கிழவயது நாடியில். புருவம் கூடப்பிறந்தவர்களைச் சொல்லும், மூக்கு காசைச் சொல்லும், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள பள்ளம் ஆயுளைச் சொல்லும். லின்னுக்கும் எனக்கும் அரைகுறை ஜேர்மன்தான். அவள் விரலால் என் முகத்தில் தொட்டுத் தொட்டுக் காட்ட, நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்! நகர நூலகத்தில் ஜேர்மனில் ஒரு புத்தகம் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானாகவே முழுவதும் படித்தேன். இப்போது பஸ் ஓட்டுகிறவரையும் தபால்காரரையும் சும்மா பார்க்க முடியவில்லை. நெற்றி, மூக்கு, நாடி என்றுதான் கண் போகிறது.

விடுதியில் எனக்கு நல்ல பேர். அகதி விசாரணைக்குத் தேதி வந்தால் ஆட்கள் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். கீழ் அறைக் கந்தையா அண்ணை வந்து முன்னால் குந்திக்கொண்டார்.

"பிள்ளை, என்ர மூக்கைப் பாத்துச் சொல்லு. விசா தருவினமோ?"

"மூக்கு காசுக்கு, அண்ணை. அரசாங்க விசயமெல்லாம் நெத்தி."

"அப்ப நெத்தியைப் பாரன்."

"நெத்தி எங்க முடியுதெண்டு தெரியேல்லையே அண்ணை!"

மனுசன் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப முடிவில்லாத விசா எண்டு எழுதிக்கொள்" என்று எழும்பிப் போய்விட்டார்.

இன்னொன்று கேளுங்கள். இங்கே அடையாள அட்டைக்குப் படம் எடுத்தால் முகத்தை அரைவாசி திருப்பி, ஒரு காது தெரிய இருக்க வேணும். சீனர்களும் காதிலிருந்துதான் தொடங்குகிறார்கள்! இதை அறிந்த அன்று நான் சமையலறையில் துள்ளிய துள்ளலில் அக்கா பருப்புச் சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டா.

சரி, அக்காவிடம் வருகிறேன். கடிதமே அவவைப் பற்றித்தான்.

அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது அப்பா. மாப்பிள்ளையின் பெயர் குகன். ஸ்டுட்கார்ட் பக்கம் அவரும் எங்களைப் போல விடுதியில் இருக்கிறார். அவருடைய சாதகம் எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோனது. அம்மா எழுதினா: "பொருத்தம் பாக்க ஒண்டும் இல்லை. நீதானே பெரிய முகசாத்திரியாம், படத்தை அனுப்புறன், பாத்துச் சொல்லு." நக்கலாகத்தான் எழுதினா. நான் நிசமாகவே எடுத்துக்கொண்டேன்.

பதிலுக்கு அம்மா அவர்களுக்கு எந்தப் படத்தை அனுப்பினா தெரியுமா? நாங்கள் புறப்பட முன்னம், நீங்கள் வேலைபார்த்த ஸ்டூடியோவில் நீங்களே எடுத்த படம். சின்னவயதில் விளக்குச் சரிந்து அக்காவின் நாடியிலிருந்து கழுத்து வரைக்கும் பட்ட எரிகாயம் அந்தப் படத்தில் இல்லை. நெகட்டிவில் பென்சில் வைத்து, ஒரு புள்ளி விடாமல், அதை நீங்கள் இல்லாமல் செய்துவிட்டீர்கள். ஊர்ப் பெண்களின் மச்சத்தையும் பருவையும் எடுத்துவிடுகிற அதே பென்சில். மாப்பிள்ளையும் வீட்டாரும் அந்தப் படத்தைப் பார்த்து உடனே சம்மதித்துவிட்டார்கள்.

"அவர் ஓம் எண்டது எனக்கில்லையடி," என்றா அக்கா. "அப்பான்ர பென்சிலுக்கு."

காயத்தைப் பற்றி எழுதிப்போடுவோம் என்று நான் சொன்னேன். அக்கா மறுத்துவிட்டா. கடிதத்தில் வாசித்தால் பெரிதாகத் தெரியும், நேரில் பார்க்கட்டும், பார்த்துவிட்டுப் போகிறதென்றால் போகட்டும் என்றா. அதற்குப் பிறகு அவ இரண்டு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சம்மதம் சொன்ன பிறகு அவர் அக்காவுக்குக் கடிதம் போடத் தொடங்கியிருந்தார். அவவுக்கு அந்த மனுசனின் எழுத்துப் பிடித்துவிட்டது அப்பா. அதுதான் பயம்.

இந்த நிலைமையில் குகன் அண்ணையின் படம் வந்து சேர்ந்தது. நான் பூதக்கண்ணாடியோடு குந்தினேன். என்ன முகம்! முறியாத புருவம். புருவங்களுக்கு நடுவில் துடைத்து வைத்த மாதிரி வெளிச்சம். மூக்கு நேர். ஒரு மச்சம், ஒரு கீறல் கிடையாது. "அக்கா, புத்தகத்தில போடுற முகம் இது! ஆயிரத்தில ஒண்டு!" என்று கத்தினேன். அக்காவின் முகம் சுருங்கிப்போனது. இப்படி ஒரு மாசில்லாத மனுசனுக்கு முன்னால் தான் போய் நிற்பதா என்று அவ நினைத்திருப்பா. லின் படத்தை வாங்கிப் பார்த்தாள். "உயிரோடு இருக்கிறவனுக்கு இப்படி முகம் இராது," என்று சொல்லித் திருப்பித் தந்தாள். பொறாமையாக்கும் என்று நினைத்தேன்.

அகதி என்றபடியால் குகன் அண்ணை தன் மாவட்டத்தைவிட்டு வெளியே வர அதிகாரிகளிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒரு நாளைக்குத்தான் கொடுத்தார்கள். கொலோன் ஸ்டேசனில் சந்திப்பது என்று பேச்சு. அக்கா ரயிலில் வாய் வரைக்கும் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வந்தா. மேடையில் இறங்கியதும் அதைக் கழற்றி என் கையில் தந்துவிட்டா. நல்ல குளிர்.

அவர் வருகிற ரயில் வந்தது. இறங்கினவர்களில் தமிழ் முகம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது படத்து முகம் இல்லை. வலது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாகக் கிடந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கடலை அளவு மச்சம். அந்த ஆள் எங்களைப் பார்த்தார். அக்காவின் நாடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போய்விட்டார்.

"பாத்தியே," என்றா அக்கா மெல்ல. "போயிட்டார்."

"அது அவரில்லை அக்கா! புருவம் வேற, மூக்கு வேற!"

சொல்லிக்கொண்டே திரும்பினேன். அப்போதுதான் அந்த ஆளின் காது தெரிந்தது. கீழே நீண்டு தொங்குகிற சோணை, வெளியே மடிந்த விளிம்பு. பூதக்கண்ணாடி வைத்து நான் பார்த்துப் பார்த்துக் கிடந்த அதே இடது காது! காதில் யார் அப்பா பென்சில் வைக்கப்போகிறார்கள்?

"அண்ணை! குகன் அண்ணை! நில்லுங்கோ!"

அவர் நின்றார். "ஓம்... நீங்கள்?"

"நான் ஜெயந்தியின்ர தங்கச்சி. உங்கட காதை வச்சுத்தான் பிடிச்சனான்."

"என்ர காதோ?" என்று மனுசன் காதைப் பொத்திக்கொண்டார்.

கூட்டிக்கொண்டு வந்தேன். அக்கா அசையாமல் நின்றா. அவர் வாயைத் திறக்க முன்னம் அவவே நாடியில் விரலை வைத்துச் சொல்லிவிட்டா:

"படத்தில இது இல்லை. சின்னனில விளக்குச் சரிஞ்சது. நீங்கள் படத்தைப் பாத்துத்தானே ஓம் எண்டீங்கள். இப்ப வேண்டாம் எண்டாலும் நாங்கள் கோவிக்கமாட்டம்."

எனக்கு நெஞ்சு அடித்த அடி அடுத்த மேடைக்குக் கேட்டிருக்கும்.

"நான் உங்களைத் தாண்டிப் போனது, படத்தில இருந்தவவைத் தேடிக்கொண்டு போனதாலதான்," என்றார். பிறகு தன் புருவத்தைத் தொட்டார். "எனக்கும் படத்தில இது இல்லையே."

என் வாய் சும்மா இருக்குமா? "புருவம் எண்டா கூடப்பிறந்த ஆக்கள். தம்பியோட ஏதும் சண்டையோ அண்ணை?"

"உமக்கு எப்பிடித் தெரியும்? அவன்தான் கிரிக்கெட் மட்டையால அடிச்சவன்!"

நான் துள்ளினேன். அக்கா என்னைக் கிள்ளினா. ஆனால் சிரித்துவிட்டா.

ஸ்டேசனுக்குள்ளேயே ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தோம். அக்கா கேட்டா, "உங்கட படம் எங்க எடுத்தது?"

"யாழ்ப்பாணத்தில, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில ஒரு ஸ்டூடியோ. அங்க ஒரு ஐயா இருந்தவர், காதில பென்சில் செருகிக்கொண்டு. 'தம்பி, புருவத்தை நிரப்பட்டோ, விடட்டோ' எண்டு கேட்டார். நிரப்புங்கோ எண்டன். மச்சத்தையும் எடுத்துவிட்டார். ஆனா வாய்க்குப் பக்கத்தில இருக்கிற சுருக்கத்தை எடுக்கமாட்டன் எண்டு நிண்டார். 'அதை எடுத்தா நீர் ஒருநாளும் சிரிக்காத ஆள் மாதிரி இருப்பீர்' எண்டார்."

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த வசனத்தைச் சாப்பாட்டுக்கு இருக்கும்போது எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்!

"அது எங்கட அப்பா," என்றா அக்கா.

அவர் கோப்பையை வைத்துவிட்டார். "இருக்கிறாரோ?"

"போன வருசம் போயிட்டார். நாங்கள் இங்க வந்தாப்பிறகு."

அப்பா, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போகும்படி செய்தது உங்கள் கைதான். லின் சொன்னது பொறாமை இல்லை. நான் நாளெல்லாம் குந்தியிருந்து வாசித்தது குகன் அண்ணையின் தலைவிதியை இல்லை, உங்கள் வேலையை! இதை அறிந்தால் சிரிப்பீர்களா, வெட்கப்படுவீர்களா?

அக்கா வேறொன்றைப் பிடித்துக்கொண்டா. "உங்களிட்டக் கேட்டவரோ? நிரப்பட்டோ விடட்டோ எண்டு?"

"ஓம்."

"என்னட்டக் கேக்கேல்லை." அவவின் விரல் நாடிக்குப் போனது. "படம் கழுவி வந்தாப்பிறகுதான் எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் என்ர முகம் இப்பிடியே பிடிக்கேல்லை எண்டு நினைச்சன்."

இவ்வளவு காலமும் அவ இதை என்னிடம்கூடச் சொன்னதில்லை அப்பா. ஏன் கேட்கவில்லை நீங்கள்?

குகன் அண்ணைதான் பதில் சொன்னார். "காசு குடுக்கிறவனிட்டக் கேக்கலாம். 'உன்ர தழும்பை எடுக்கட்டோ' எண்டு சொந்தப் பிள்ளையிட்ட எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்?"

அது சரியா, பிழையா? நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதைக் கேட்டு அக்கா நிமிர்ந்தபோது, இரண்டு கிழமையாக நான் காணாத ஒரு தெளிவு அந்த முகத்தில் இருந்தது. இதற்கு எந்த இலக்கத்தையும் பார்க்கத் தேவையில்லை.

"அப்ப, உங்கட முடிவு என்ன?" என்றா.

"நான் ஓம் சொன்ன ஆள் நீங்கள் இல்லை," என்றார் அவர். "அதால முதலில இருந்து கேக்கிறன். இந்த உடைஞ்ச புருவம், மச்சம், வராத விசா, எல்லாத்தோடையும் என்னைப் பிடிச்சிருக்கோ?"

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றா அக்கா, ராணி மாதிரி. பிறகு ஸ்டேசன் மூலையில், நாணயம் போட்டால் தானாகப் படம் எடுக்கிற பெட்டியைக் கைகாட்டினா. "முதல்ல வாங்கோ, அதுக்குள்ள போய் ஒரு படம் எடுப்பம். அம்மாவுக்கு அனுப்போணும்."

இரண்டு பேரும் திரைக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு போனார்கள். வெளிச்சம் வெட்டி வெட்டி மின்னியது. "நீங்கள் இடிக்கிறீங்கள்", "இடம் இல்லையே, நான் என்ன செய்ய" என்று சத்தம். ஈரமாக ஒரு துண்டு வெளியே விழுந்தது. அக்கா காயப்பட்ட பக்கத்தைத்தான் வெளிச்சத்துக்குத் திருப்பியிருந்தா. அவருடைய புருவத்து வெட்டு பளிச்சென்று தெரிந்தது. இரண்டு பேரும் சிரிப்பை அடக்கத் தெரியாமல் கோணல்மாணலாக இருந்தார்கள். என் சீனப் புத்தகப்படி பார்த்தால் எத்தனையோ குறை சொல்லலாம். நான் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை.

அப்பா, இந்தப் படத்தை நானே உறையில் வைத்து அம்மாவுக்கு அனுப்புவேன். அம்மா முதலில் அழுவா, பிறகு திட்டி எழுதுவா. எழுதட்டும், பதில் நான் எழுதுகிறேன். ஐயர் கிடைக்கிறாரோ இல்லையோ, மண்டபம் கிடைக்கிறதோ இல்லையோ, இந்த வருசத்துக்குள் அக்காவின் கழுத்தில் தாலி ஏறும். அன்றைக்கு உங்கள் இடத்தில் நான் நின்று கைபிடித்துக் கொடுப்பேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான். இது சத்தியம்.

உங்கள் கடைக்குட்டி,
குகன் அத்தானுக்கு மச்சாள் ஆகப்போகிறவள்