தமயந்தி பெயர் ஒட்டிய டிரம்

செவ்வாய்க் கிரகம், நாள் 212, 07:10
தெற்குக் குடில். நான் இசக்கியப்பன், வேதியியலாளர். நில அதிர்வுக் கருவியைக் கவனிக்க இருபது நாள் தனியே இருப்பேன். வெளியே மைனஸ் 78, உள்ளே 19. தானோட்டி வண்டியின் இயந்திரக் கை, குடிலைச் சூடாக்கும் வெப்பக் குழாயில், மைனஸ் 45 வரை உறையாத குளோரோபென்சீனைப் புதிதாக நிரப்பியது; வண்டி தளத்துக்குத் திரும்பிவிட்டது.

நாள் 212, 13:25
யார் படிக்கப் போகிறார்கள்? எழுதிவைக்கிறேன். தளத்தில் நானும் இளைய வேதியியலாளர் தமயந்தியும் ஆளுக்கு இரண்டு டிரம் குளோரோபென்சீன் செய்தோம். இந்த மண்ணிலிருந்து பிரித்த குளோரினை, இரும்புக் குளோரைடு சேர்த்த பென்சீனில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்த வேண்டும். அவள் பொறுமையாகச் செய்தாள். அவளை முந்தப் பார்த்து நான் வால்வை முழுக்கத் திறந்தேன். சூடு எகிறி, இரண்டாவது குளோரினும் ஒட்டிக்கொண்டது. அப்படிக் கெட்ட என் சரக்கு சூட்டில் தெளிவாகத்தான் இருக்கும். குளிர்ந்தால் வெள்ளைப் படிகம் விழும்.

தளத் தலைவர் அவள் மாதிரியை மட்டும் கொண்டாடினார். எனக்கு வயிறு எரிந்தது. பதினாறு வருட அனுபவம் எனக்கு! என் பெயர் டிரம் குடிலுக்கு, அவள் பெயர் டிரம் தளத்துக்கு என்று ஏற்பாடு; பெயர்ச்சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட்டேன். தளத்துக் குழாய் அவள் பெயரில் அடைத்துக்கொள்ளட்டும். அங்கே ஆள் இருக்கிறது, உயிர் போகாது. மானம்தான் போகும்.

நாள் 213, 05:50
உள்ளே 4. குழாய் அடைத்துவிட்டது. பிரித்தால் வெள்ளைப் படிகம், பாச்சை உருண்டை வாடை. உருக ஐம்பது டிகிரியாவது வேண்டும். வண்டி விட்டுப்போன காலி டிரம்மைத் திருப்பிப் பார்த்தேன். தமயந்தி என்று இருக்கிறது.

ரேடியோவில் அவள்: "நான்தான் மாத்தி ஏத்திவிட்டேன் அண்ணாச்சி. நீங்க தனியால்லா இருக்கப் போறீங்க, நல்லது உங்ககிட்ட இருக்கட்டும்னு நெனச்சேன். என் சரக்கு உறையாதே?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "உன் சரக்குதாம்மா உறைஞ்சுபோச்சு" என்றேன். அவள் அழுதாள். அப்போதும் எனக்கு அது இனித்தது.

நாள் 213, 09:15
உள்ளே மைனஸ் 21. விரல் மடங்கவில்லை. மறுபடி ரேடியோவில் தமயந்தி:

"தப்பு என்னோடதுல்லா, நானே வாரேன். உங்க டிரம் ரெண்டும் தளத்துக் குழாய்க்குப் போயிட்டு. என் ரெண்டாவது டிரம்ம வண்டிக் குழாய்லயே ஊத்திப் பாத்துட்டேன், நல்லா ஓடுது. கிளம்பிட்டேன் அண்ணாச்சி."

அது நான் செய்த சரக்கு. பாதி வழியில் உறைந்துவிடும். கத்தினேன், கத்திக்கொண்டே இருந்தேன். குளிரில் பேட்டரி இறங்கிவிட்டது. கேட்க முடிகிறது, அனுப்ப முடியவில்லை.

12:40
"அண்ணாச்சி, வண்டிக்குள்ள பாச்சை உருண்டை வாடை அடிக்கி. ஹீட்டர் வேற நின்னுபோச்சு. என்ன செய்யணும்? சொல்லுங்களேன்."

நேரம் தெரியவில்லை
கண்டெடுப்பவருக்கு. தமயந்தி பெயர் ஒட்டியவை இசக்கியப்பன் செய்தவை. அவள் தப்பே செய்யவில்லை. அவள் செய்தது உறைய