புது மோட்டாரும் பித்தளை ஸ்க்ரூடிரைவரும்

வெள்ளி, இரவு

பிளாஸ்டிக் குண்டு சுட்டு அணியாக விளையாடும் என் ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் புது மோட்டார் ஓடுகிறது. ஆதாரம், என் காது. விசையைத் தொட்டதுமே சுடுகிறது! பழைய மோட்டார் யோசித்துவிட்டுத்தான் சுடும். அதனால்தான் போன ஆட்டத்தில் முதல் ஆளாக வெளியேறினேன். எங்கள் அணித்தலைவர், அச்சகம் வைத்திருக்கும் கணேசன், "அண்ணாச்சி, அடுத்த ஆட்டத்துக்கு நீங்க ஸ்கோர் எழுதுங்க" என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் மோட்டாரைக் கைப்பிடிக்குள் வைத்து மூட முடியவில்லை. அதன் காந்தம் அவ்வளவு வலு. ஸ்க்ரூடிரைவரைத் திருகில் வைக்கவிடாமல் தன் பக்கம் இழுத்தது. என் மனைவி ஈஸ்வரி விஸ்வநத்தத்தில் பட்டாசு ஆலை ஃபோர்மேன். தீப்பொறிக்குப் பயந்து அங்கே இரும்புக் கருவிகளைத் தொடமாட்டார்கள். தன் பையிலிருந்து பித்தளை ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க. காந்தம் கூப்பிட்டா இது ஓடாது. கணேசன் கூப்பிட்டா ஓடுற உங்கள மாதிரி இல்ல."

திருகு சிரமமில்லாமல் இறங்கியது. முதல் குண்டை அவள்தான் சுட்டாள். காலி மத்தாப்புப் பெட்டி மல்லாந்தது.

"ஏ யப்பா, எம்புட்டு வேகம்! ஞாயித்துக்கிழமை நானே போகவா?"

மோட்டார் சுழற்றும் பல்சக்கரத்தில் லேசான கீச்சொலி மிச்சமிருக்கிறது. அது தாங்குமா என்பது ஞாயிறு காலை ஆனைக்குட்டம் மைதானத்தில்தான் தெரியும். ஸ்கோர் எழுத வேறு ஆளைப் பார்க்கும்படி கணேசனுக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.